எலக்ட்ரானுக்கு ஒரு பொன்னாடை

காயல்பட்டினத்தில் ஆடு வளர்ப்பது குற்றமில்லை. அந்த ஆட்டுக்கு எலக்ட்ரான் என்று பேர் வைப்பதும் குற்றமில்லை. ஊர் கூடி நடத்திய பாராட்டு விழாவில், அஸ்கர் ஹாஜியார் தன் கையால் போர்த்திய பொன்னாடையை மேடையிலேயே கழற்றி அந்த ஆட்டின் முதுகில் போட்டதுதான் வம்பாகப் போயிற்று. அதைச் செய்தது தெருவில் திரியும் யாரோ ஒரு கிறுக்கன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். செய்தவர் பேராசிரியர் காஜா முஹ்யித்தீன். அவர் பேரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இயற்பியல் மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள், எந்த நாட்டில் இருந்தாலும், அதை உருப்போட்டுத்தான் தேற வேண்டும். அவர் மனைவி ஹாஜரா பீவிக்கு அந்தச் சூத்திரம் தெரியாது. ஆட்டை நன்றாகத் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த ஊரில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேரில் இருக்கும், தாயிடமிருந்து மகளுக்குப் போகும். துபாயில் சம்பாதித்தாலும் ஹாங்காங்கில் சம்பாதித்தாலும் ஊருக்கு வந்தால் ஆண்பிள்ளை மனைவி வீட்டில்தான் தலை சாய்க்க வேண்டும். இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் பிளக்கட்டும். காஜா முஹ்யித்தீனும் அப்படித்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹாஜராவின் வீட்டுக்கு வந்தார். உத்தியோகம் பெங்களூரில், நடுவில் சில வருஷம் இத்தாலியில். லீவுக்கு லீவு வந்து போய்க்கொண்டிருந்த மனுஷன், போன வருஷம் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தார். லீவில் வரும்போது கொஞ்சமாக இருந்த கூத்து அதற்குப் பிறகு முழு நேரக் கூத்தாயிற்று.

முதலில் செருப்பில் ஆரம்பித்தார். வலது காலில் சிவப்பு, இடது காலில் நீலம். என்ன கோலம் இது என்று ஹாஜரா கேட்டதற்கு, பள்ளிவாசலில் செருப்பு களவு போவது அது ஜோடியாக இருப்பதால்தான் என்றார். ஜோடி சேராத செருப்பை யாரும் சீந்தவில்லை என்பது உண்மைதான். அப்புறம் கடற்கரை. பையன்கள் பந்து விளையாடுகிற இடத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் காக்க நிற்பார். அடிக்கிறவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு ஒரு பக்கம் பாய்வார். பந்து மறுபக்கம் போகும். தன் கணக்கு சரி, பையன்தான் தப்பாக அடித்துவிட்டான் என்று தாடியெல்லாம் மணலாக எழுந்து வருவார்.

ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். ஹாஜரா இடியாப்பமும் கறியும் ஆக்கி, இனிப்புக்கு வட்டிலாப்பமும் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் குந்திக்கொண்டு, ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் தேங்காய்ச் சிரட்டைகளைச் சுற்றிவிட்டு எது கடைசியில் சாய்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரருக்கு ஒரு கைலி உடுத்திவிட்டிருந்தார். அது அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் மறுகையால் சிரட்டை சுற்றினார். இடியாப்பம் ஆறி விறைத்துப் போயிற்று. அடுத்த வருஷம் அந்தச் சிரட்டையிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. கட்டுரையின் முடிவில் ‘ஹாஜரா பீவியின் சிரட்டைகளுக்கு நன்றி’ என்று அச்சாகியிருந்ததை மகள் ஜஹ்ரா வாசித்துக் காட்டினாள். ஹாஜராவுக்குப் பெருமையாக இருந்தது. தன் பேருக்குப் பக்கத்தில் போட வேறு சாமான் கிடைக்கவில்லையா என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஆடு வந்த கதையும் இந்த லட்சணம்தான். விளாத்திகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் பேசப் போனவர், அவர்கள் கொடுத்த கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு எலக்ட்ரான் என்று பேர் வைத்தார். அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரியாதாம், வேகத்தைப் பார்த்தால் இடம் தெரியாதாம். ஹாஜராவுக்கு இரண்டுமே தெரியும். அது இருக்கிற இடம் அவளுடைய மல்லிகைச் செடி. அதன் வேகம், அவள் விளக்குமாற்றை எடுத்ததும் தெரியும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் வெளிநாட்டுக்காரன் ஒரு பெரிய பதக்கத்தைத் தூக்கிக் கொடுத்தான். பேப்பரில் படம் வந்தது. அஸ்கர் ஹாஜியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அவருடைய மகன் முஜாஹிதுக்குத்தான் ஜஹ்ராவைப் பேசி முடித்திருந்தது. முஜாஹித் துபாயில் கப்பல் கம்பெனி ஒன்றில் இருந்தான். ஜஹ்ரா தூத்துக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் போனில் பேசிப் பழகி, ஒருவருக்கொருவர் பிடித்தும் போயிருந்தது. சம்பந்தி உலகப் புகழ் பெற்றால் அதில் பாதி தனக்கு என்று ஹாஜியார் நினைத்தார். ஊர் நலச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான் என்பதால் விழாவுக்குத் தடை சொல்ல ஆள் இல்லை.

விழாவில் எல்லாரும் பேசினார்கள். ஹாஜியார் மட்டும் ஒரு விழாவுக்கு உண்டானதைத் தனியாகப் பேசினார். தன் முன்னோர்கள் முத்து வணிகம் செய்தது, கொழும்பில் கடை வைத்தது, எந்த ராஜாவுக்கு எந்த முத்தை விற்றது என்று ஒன்று விடாமல் சொன்னார். பேராசிரியர் இந்த ஊருக்குக் கிடைத்த முத்து என்று முடித்து, பொன்னாடையைப் போர்த்தினார். பேராசிரியர் என்னதான் கண்டுபிடித்தார் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜராவுக்கு அது உறுத்தியது. அந்த நேரம் பார்த்து எலக்ட்ரான் கயிற்றை அறுத்துக்கொண்டு அவரைத் தேடி மேடைப் படியில் ஏறி வந்தது.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். “இங்கன பேசின யாருக்கும் நான் என்ன செஞ்சேன்னு தெரியாது. இந்த ஆட்டுக்கும் தெரியாது. ஆனா இது தெரிஞ்ச மாதிரி பேசல. அதனால இது எனக்கில்ல, இதுக்கு” என்று சொல்லி, பொன்னாடையைக் கழற்றி ஆட்டின் முதுகில் போட்டார்.

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தத் தெருவில் கேட்கிறது என்பார்கள். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் காட்சி துபாய்க்கும் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் போய்விட்டது. காயல்காரன் இருக்கிற ஊரிலெல்லாம் போனைத் திறந்தால் பொன்னாடை போர்த்திய ஆடு, பின்னால் வாயைத் திறந்தபடி அஸ்கர் ஹாஜியார்.

மறுநாள் ஹாஜியார் ஹாஜராவின் வீட்டுக்கே வந்தார். பேராசிரியர் கடற்கரைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். முன்அறையில் உட்கார்ந்துகொண்டு, கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜராவிடம் பேசினார்.

“ரெண்டு காரியம். அதே மேடையில அவரு மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் பெங்களூருக்கே போயிரணும். நிக்காஹ் அன்னைக்கு வரட்டும், ஒரு ஓரமா உக்காரட்டும், போயிரட்டும். என் மவன் வந்து வாழப்போற வீடு இது. ஆட்டோட பேசிக்கிட்டுத் திரியுத ஆளு இங்கன இருந்தா சரிப்படாது.”

“அவரு எங்க போவாரு?” என்றாள் ஹாஜரா.

“அங்க அவருக்குக் குவார்ட்டர்ஸ் குடுக்க ஆளு இருக்கு, நான் விசாரிச்சுட்டேன். வீடு உங்க வீடு. நீங்க சொன்னா அவரு போய்த்தான் ஆவணும். ரெண்டும் நடக்கலன்னா இந்தச் சம்பந்தம் நடக்காது.”

ஹாஜராவுக்கு அப்போது கோபம் ஹாஜியார்மேல் வரவில்லை. புருஷன்மேல்தான் வந்தது. அவர் வந்ததும் பிடித்துக்கொண்டாள். ஊர் சிரிக்கிறது, பிள்ளை வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது, வயசுக்குத் தகுந்த மாதிரி ஒருநாள் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று பொரிந்து தள்ளினாள். அவர் ஏதாவது கோணங்கித்தனமாகப் பதில் சொல்வார், மேலும் நாலு திட்டுத் திட்டலாம் என்று நின்றாள்.

அவர் காலைத் துடைத்துக்கொண்டே, “சரி, போயிருதேன். மன்னிப்பும் கேட்டுருதேன். ஜஹ்ராவுக்காவத்தானே” என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து பேராசிரியர் பேராசிரியராக இருந்தார். கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு முன்அறை நாற்காலியில் உட்கார்ந்தார். யாராவது வந்தால் எழுந்து நின்று ஸலாம் சொன்னார், நலம் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார். ஆட்டைத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பழக்கமான சிலுவை என்ற படகுக்காரரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஒரே நிறத்தில் புதுச் செருப்பு வாங்கினார். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையிலேயே அது களவு போயிற்று. அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் எல்லாம், இப்பத்தான் பெரிய மனுஷன் மாதிரி இருக்காரு என்று ஹாஜராவிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

ஹாஜராவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீட்டில் சத்தம் இல்லை. முன்பெல்லாம் பால்காரர் சீட்டிலும் மருந்துக் கடைக் கவரிலும் ஏதாவது கிறுக்கி வைப்பார். அவள் திட்டிக்கொண்டே அவற்றைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துவாள். இப்போது பொறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. பெங்களூரிலிருந்து அவருடைய பழைய மாணவர் போன் பண்ணினார். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒரு கணக்கைப் பாதி வழியில் நிறுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. “ஒண்ணும் ஓடல, தம்பி” என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனை வைத்தார்.

“ஏன் ஓடல? இப்பத்தான் ஒரு எடத்துல உக்காந்திருக்கியளே” என்றாள் ஹாஜரா.

அவர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். “உக்காந்து யோசிச்சா புஸ்தகத்துல இருக்கதுதான் வரும் ஹாஜரா. புஸ்தகத்துல இல்லாதது வரணும்னா வெக்கத்த விட்டுட்டுக் கொஞ்சம் விளையாடணும். பெரிய மனுஷனா இருந்துக்கிட்டு அதைச் செய்ய முடியாது. பரவாயில்ல, செஞ்ச வரைக்கும் போதும்.”

அந்தப் ‘போதும்’ அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அவருடைய கூத்து வேறு, படிப்பு வேறு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். படிப்புக்காகக் கூத்தைப் பொறுத்துக்கொள்வதாகத் தனக்குத்தானே சொல்லியும் வந்தாள். இரண்டும் ஒன்று என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அந்த மனுஷனோடு வாழ்ந்ததில் அவளுக்கு எத்தனையோ நாள் அவமானமாக இருந்தது. ஒரு நாள்கூடச் சலிப்பாக இருந்ததில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் அப்படிச் சொல்ல முடியும்? இப்போது பிறத்தியார் ஒருவர் வந்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசி, அவள் வீட்டு உயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுத்துக் கொடுத்தது அவள்தான். அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

கல்லூரியிலிருந்து வந்த ஜஹ்ராவை உட்கார வைத்துக் கேட்டாள். “ஏளா, முஜாஹித் என்ன சொல்லுதான்?”

“அவங்க வாப்பாவ எதுத்துப் பேச முடியலங்குதாரு. நீங்களே எதாவது செய்யுங்கங்குதாரு” என்றாள் ஜஹ்ரா. கண் சிவந்திருந்தது.

“உனக்கு அவன் வேணுமா?”

“வேணும்மா. ஆனா நம்ம வாப்பாவ அனுப்பிட்டு வேண்டாம். ரெண்டுல ஒண்ணுதான்னு அவுக சொன்னா, நீங்க வாப்பாவச் சொல்லுங்க. நான் அழுவேன், அதப் பாக்காதிய.”

பேராசிரியர் சம்மதித்த செய்தி கேட்டு, தேதி குறிக்க வரச் சொல்லி ஹாஜியார் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, ஹாஜரா தனியாகவே கிளம்பினாள். இந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வர முடுக்குகள் உண்டு. அந்த வழியாகத்தான் போனாள். கொல்லைக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால், கூடத்தில் ஹாஜியாரின் மனைவி ராபியா உம்மாளும் அவளுடைய தங்கையும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ராபியா உம்மாள் அதிகம் பேசாத மனுஷி. திரைக்கு அந்தப் பக்கம் முன்அறையில் ஹாஜியார் இருப்பது அவர் இருமலில் தெரிந்தது.

தேயிலைத் தண்ணீர் கொடுத்தார்கள். தங்கைக்காரிதான் பேச்சை எடுத்தாள். “மச்சான் என்னைக்குப் பெங்களூரு கிளம்புதாரு?”

“கிளம்பல” என்றாள் ஹாஜரா.

திரைக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றது.

“ஹாஜியார் எங்க வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொன்னாரு. வீடு உங்க வீடு, நீங்க சொன்னா அவரு போய்த்தான் ஆவணும்னு. அன்னையிலருந்து அதையேதான் யோசிக்கேன்” என்று ஹாஜரா திரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “முஜாஹித் எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வாரான். இவரும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவருதான். பிறத்தியார் பேச்சக் கேட்டு ஒரு மாப்பிள்ளைய நான் வெளிய அனுப்பினா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து முஜாஹித் சிரிக்கிற சிரிப்பு சரியில்லம்பாரு. அப்ப அவனையும் அனுப்பணும். அப்படி ஒரு வீட்டுக்கா மவன அனுப்பப் போறிய?”

“அது வேற, இது வேற” என்றது திரை.

ஹாஜரா திரையைப் பார்க்கவில்லை. ராபியா உம்மாளைப் பார்த்துக் கேட்டாள். “ராத்தா, இந்த வீடு யாரு வீடு?”

ராபியா உம்மாள் நிதானமாகச் சொன்னாள். “எங்க உம்மா வீடு. இப்ப என் பேருல இருக்கு.”

“ஹாஜியார் இங்க வந்ததுலருந்து செஞ்சதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சுதா?”

தங்கைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராபியா உம்மாளின் முகத்தில் ஒரு சிறு அசைவு. “விடியுததுக்கு முன்ன அவுக தொண்டையக் கொப்பளிக்குத சத்தத்துல, மூணாவது வீட்டுப் பிள்ளை முழிச்சு அழும். இன்னிக்கு வரைக்கும் அழுவுது.”

“அதுக்காக அனுப்பிட்டியளா?”

பதில் வருவதற்குள் திரை அசைந்தது. ஹாஜியார் வாசற்படியில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. “பேச்சு முடிஞ்சுது. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். நீங்க போவலாம்.”

ஜஹ்ராவின் சிவந்த கண் ஹாஜராவுக்கு முன்னால் வந்து நின்றது. இப்போதுகூட ஒரு வார்த்தை இறங்கிப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தது. அவள் எழுந்து முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சரி, வேண்டாம். என் மவளுக்கு இன்னொரு மாப்பிள்ளை கிடைப்பான். எனக்கு இன்னொரு மாப்பிள்ளை கிடைக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

“உக்காருங்க” என்றாள் ராபியா உம்மாள்.

குரல் உயரவில்லை. ஆனாலும் ஹாஜரா நின்றுவிட்டாள். ராபியா உம்மாள் பாயிலிருந்து அசையாமல் கணவரைப் பார்த்தாள்.

“பேச்சு முடியல. இது எங்க உம்மா வீடு. இங்கன ஒரு பேச்சு எப்ப முடியுதுன்னு நான்தான் சொல்லணும். அவுக கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல.” ஹாஜராவின் பக்கம் திரும்பினாள். “இல்ல, அனுப்பல. அனுப்பவும் மாட்டேன். என் மவனும் மாப்பிள்ளைய அனுப்பாத ஒரு வீட்டுலதான் வாழணும். நீங்க உக்காந்து தேதியச் சொல்லுங்க.”

ஹாஜியார் படியிலேயே நின்றார். உட்காரச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிடத் தணிந்த குரலில், “மன்னிப்பாவது கேக்கச் சொல்லு” என்றார்.

ராபியா உம்மாள் ஹாஜராவைப் பார்த்தாள்.

“அதுவும் கிடையாது” என்றாள் ஹாஜரா. சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, தேதியைச் சொன்னாள்.